ஐந்து உழக்கு மூச்சு

பிள்ளைகளா,

போன வாரம் சின்னவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மூச்சை அளக்கிற செய்முறை ஒன்று செய்துகொண்டு போக வேண்டும், ஐந்து லிட்டர் கேனும் ஒரு ட்யூபும் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டான். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டதற்குக் கத்தினேன். பெரியவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று எனக்கு வந்த கோபம் உங்கள்மேல் இல்லை. யார்மேல் என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா குறுக்கே பேசுவாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் எழுதி வைக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நம் பழைய ஊரில் ஓர் அரிசி மில் இருந்தது. உங்கள் தாத்தாவுக்கு அங்கேதான் வேலை. தாத்தா என்று எழுதினால் எனக்கு வேறு யாரோபோல இருக்கிறது. அப்பா என்றே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு உமி அறையில் வேலை. அரவை மிஷின் நெல்லை உடைத்து உமியை ஒரு பெரிய குழாய் வழியாக ஊதித் தள்ளும். அது வந்து விழுகிற அறைதான் உமி அறை. ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் உமி ஊரெல்லாம் பறக்கும். அப்பா ஒரு பலகையால் அந்த உமியை ஒதுக்கி, நெல் அவிக்கிற அடுப்பு வாய்க்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு கட்டியிருப்பார். அரை மணியில் துண்டு காய்ந்துவிடும். சாயங்காலம் வரும்போது புருவம், காது மயிர், கண் இமை எல்லாம் தவிட்டு நிறத்தில் இருக்கும். வாய்க்காலில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். குளித்து வந்தாலும் அவர்மேல் அவித்த நெல்லின் வாசனை போகாது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். இன்றைக்கும் எங்கேயாவது மில்லைக் கடந்து போனால் வண்டியை மெதுவாக ஓட்டுவேன்.

அவருக்கு இருமல் உண்டு. பெரிய இருமல் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல இருக்கும். நாங்கள் அதைக் கவனிப்பதைக்கூட விட்டுவிட்டோம்.

அதே மில்லில் சித்தப்பா மேஸ்திரி. அப்பாவின் சொந்தத் தம்பி. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டதால் அப்பாதான் அவரை வளர்த்தார், எழுதப் படிக்க வைத்தார், மில்லில் சேர்த்தும் விட்டார். எழுத்துத் தெரிந்ததால் சித்தப்பா சீக்கிரம் மேஸ்திரி ஆகிவிட்டார். அண்ணன் உமி தள்ள, தம்பி வேலை ஏவுவார். அப்பாவுக்கு அதில் பெருமைதான். "எந்தம்பி ஒரு விசில் அடிச்சா மில்லே நிக்கும்" என்று டீக்கடையில் சொல்லுவார்.

எனக்கோ சித்தப்பா என்றால் உயிர். அவருக்கு அப்போது குழந்தை இல்லை. மில்லில் மிச்சமான சணலைத் திரித்து எனக்குச் சாட்டை செய்து தருவார். திருவையாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆற்று மணலில் உட்காரவைத்து அசோகா அல்வா வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் எது கேட்டாலும் அம்மா "அப்பாட்ட கேளு" என்பாள். நான் சித்தப்பாவிடம் கேட்பேன்.

அறிவியல் புத்தகத்தில் அந்தப் படம் வந்தது. ஒரு தொட்டியில் தண்ணீர். அதற்குள் தண்ணீர் நிரம்பிய ஜாடியைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஒருத்தன் ட்யூபால் ஜாடிக்குள் ஊதுகிறான். ஊதிய காற்று மேலே போய்த் தங்க, அந்த அளவுக்குத் தண்ணீர் கீழே இறங்குகிறது. எவ்வளவு இறங்கியதோ அதுதான் அவன் நுரையீரல் பிடிக்கிற காற்று. எங்கள் சார் "படத்தப் பாத்துக்குங்க, பரிச்சைக்கு வரும்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். எனக்கு மனம் திரும்பவில்லை. மூச்சை அளக்க முடியுமா என்று அன்று முழுதும் அதே நினைப்பு.

சித்தப்பாவிடம் சொன்னேன். அடுத்த நாளே பேட்டரிக் கடையிலிருந்து ஒரு வெள்ளைக் கேன் கொண்டுவந்தார். வெயிலில் வைத்தால் உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டம் நிழலாகத் தெரியும். கொத்தனார் மட்டம் பார்க்கிற ட்யூபில் ஒரு துண்டும் வெட்டிக்கொண்டு வந்தார். கோடு போட வேண்டுமே. அம்மா உலைக்கு அரிசி அளக்கிற உழக்கை எடுத்து, உழக்கு உழக்காகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசி மிஞ்சிய நீல வர்ணம்தான் மை. அம்மா உழக்கைக் காணாமல் தேடி, என் கையில் பார்த்து, முதுகில் ஒன்று வைத்தாள்.

மாட்டுத் தொட்டியில் கேனைக் கவிழ்த்து முதலில் நான் ஊதினேன். ஆறு. சித்தப்பா பதினொன்று. ட்யூபில் பத்துப் பேர் வாய் வைப்பதா என்று அம்மா ஊதவே மாட்டேன் என்றாள். தெருவில் சாவுக்குச் சங்கு ஊதுகிறவர் போய்க்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டோம். அவர் ஒரே மூச்சில் கேனைக் காலி செய்ய, மிச்சக் காற்றுக் கீழ்ப் பக்கமாகக் குபுகுபுவென்று வெளியே வந்தது. "இதுக்கெல்லாம் அளவு கெடயாது தம்பி, கூப்புடுற அன்னிக்கு வந்து ஊதுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவர் போன திசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அப்பா வாய்க்காலிலிருந்து தலை துவட்டிக்கொண்டே வந்தார். நான் ட்யூபை நீட்டினேன். சிரித்துக்கொண்டு ஊதினார். கொஞ்சம் குமிழ் போனது, நின்றது. மறுபடி போனது. பிறகு இருமல் வந்து தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கேனில் பார்த்தால் ஐந்து. என்னைவிடக் குறைவு. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அப்பாவை ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். அப்பா குதிக்கிற என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தார்.

"இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும் தம்பி. மில்லுல எவன் காதுலயும் விழ வேணாம்" என்றார்.

சித்தப்பா தலையாட்டினார். என் தலையையும் பிடித்து ஆட்டினார்.

ஏன் விழக்கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்போது சொல்கிறேன். அந்த ஆடியில்தான் உமி அறையில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் மூச்சு முட்டி விழுந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கேயே இறந்துபோனார். அவர் மனைவி பிள்ளைகளோடு வந்து மில் வாசலில் உட்கார்ந்தாள். கொடி பிடித்துச் சங்கத்துக்காரர்களும் வந்தார்கள். மில் பல நாள் ஓடவில்லை. கடைசியில் முதலாளி ஏதோ கொடுத்து முடித்தார். அடுத்து யார் விழுவான் என்கிற பயம் அவருக்குப் பிடித்துக்கொண்டது. விழுவதற்கு முன்னால் வெளியே அனுப்பிவிட்டால் அவன் எங்கே விழுந்தாலும் மில்லுக்குச் சம்பந்தமில்லை அல்லவா.

ஆயுத பூஜை வந்தது. சித்தப்பா வீட்டுக்கு வந்து, "டேய், பூஜைக்கு ஒன் கேனக் கொண்டா. ஆளாளுக்கு ஊத விடுவோம், மொதலாளியே ஊதுறேன்னு சொல்லிட்டாரு" என்றார். அப்பா முகம் மாறியது. அதெல்லாம் எதற்கு என்று முனகினார். சித்தப்பா சிரித்தார், விளையாட்டுதானே என்றார். தம்பி சொன்னால் சரி என்று அப்பா விட்டுவிட்டார்.

மில் நின்றிருக்கும்போது உள்ளே போய்ப் பார்ப்பது வருஷத்தில் அந்த ஒருநாள்தான். உள்ளே குருவிச் சத்தம் கேட்டது. மிஷினையெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்து, பெல்ட்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி கடலை குவித்து வைத்திருந்தது. அன்றைக்கு அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே எல்லோருக்கும் பரிமாறுவார். அன்று அவர் கையால் நீட்டுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் வருஷம் முழுதும் நெல்லில் அரிசி காணாது என்பார்கள். சர்க்கரை வியாதிக்காரரும் அன்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாக வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் நெல் ஊறப்போடுகிற தொட்டியில் என் கேனைக் கவிழ்த்தோம். ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் சித்தப்பா. முதலில் முதலாளி ஊதினார். தொந்தி குலுங்க ஊதிப் பத்து வாங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் என் தலையில் கை வைத்து, நம்ம மில்லுக்கு ஒரு டாக்டர் வந்தாச்சு என்றார். அந்தக் கையின் கனம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்படியே மிதந்தேன்.

பிறகு முதலாளி ட்யூபை வாங்கித் தன் கையாலேயே ஒவ்வொருவரிடமும் நீட்டினார். மூட்டை தூக்குகிற இளவட்டங்கள் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஊதினார்கள். நான் கோட்டைப் பார்த்து உரக்கக் கத்துவேன், கூட்டம் ஆரவாரம் செய்யும். புகையிலை போடுகிற ஒருவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தும் நாலுதான் வந்தது. "ஒன் பொண்டாட்டிகிட்ட கொடுத்து ஊதச் சொல்லு மாமா, அது வாய்க்குக் கேன் பத்தாது" என்று எவனோ சொல்ல, களமே சிரித்தது.

அப்பா அங்கே இல்லை. தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அண்டா கழுவிக்கொண்டிருந்தார். அவர் கழுவ வேண்டிய அண்டாவே இல்லை அது. முதலாளி அங்கேயே நடந்து போனார். நீளம் பத்தாததால் கேனிலிருந்து ட்யூபை உருவிக்கொண்டு போய் நீட்டினார். அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து சித்தப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வாங்கண்ணே. சும்மா ஒரு ஊது" என்றார் சித்தப்பா.

கை நீட்டிக் கொடுப்பது முதலாளி. நாள் ஆயுத பூஜை. அப்பா வாங்கிக்கொண்டு தொட்டிக்கு வந்தார், நான் ட்யூபை மறுபடி கேனுக்குள் செருகினேன்.

ஊதினார். வீட்டில் நடந்த அதேதான். குமிழ் நின்று நின்று போனது. இருமினார். "இன்னொரு தடவ ஊதுறேன் மொதலாளி" என்று மறுபடி ஊதினார். அதுவும் முதலில் ஊதியதைத் தாண்டவில்லை. நான் கோட்டைப் பார்த்தேன். ஐந்து. வீட்டில் அப்பா சொன்ன வார்த்தை எனக்கு அந்த நொடிதான் ஞாபகம் வந்தது. எட்டு என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"அஞ்சு" என்றார் சித்தப்பா.

கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி அவர் கத்தவில்லை. முதலாளியைப் பார்த்து, மெதுவாக, மூட்டை எடை சொல்வதுபோலச் சொன்னார். முதலாளி ட்யூபை அடுத்த ஆளிடம் நீட்டினார். அண்ணன் மூச்சையும் சேர்த்துத் தம்பியே விட்டுவிடுகிறார் போல என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரிக்க அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க முயற்சி செய்திருக்கிறேன்.

குறுவை நெல் வந்து குவிகிற நேரம் அது. மில்லுக்கு ஆள் போதாத நேரம். ஆனால் பூஜை முடிந்து மில் ஓட ஆரம்பித்த அன்று வாசலிலேயே கணக்குப்பிள்ளை நாலு பேரை நிறுத்திவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பொங்கல் கழித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றாராம். நாலு பேரும் கேனில் ஆறுக்குக் கீழே ஊதியவர்கள். அப்பா, துண்டைத் தோளில் போட்டபடி, காலை ஒன்பது மணிக்கே வீட்டுக்குத் திரும்பி வந்தார். உடம்பில் ஒரு பொட்டு உமி இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, உலைக்கு எடுத்த அரிசியில் ஓர் உழக்கைத் திரும்பப் பானையில் கொட்டினாள்.

அன்று மாலை அந்தப் புகையிலைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உங்கள் தம்பிதான் இதற்கு ஏற்பாடு, ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் முதலாளி முகத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன் என்றார்.

"அவன் நான் வளத்த புள்ள. போய்யா" என்றார் அப்பா. அவர் ஒருவரை வாசலோடு அனுப்பி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மில்லுக்குப் போனேன். சித்தப்பா எடை மேடையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் வைத்தார். ஆள் இல்லாத பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் அப்பாவை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"நான் எங்கடா நிறுத்துனேன்? மொதலாளி ஒரு மாசமா என்னைய நச்சரிக்கிறாரு, யாருக்கு நெஞ்சு சரியில்ல, யாருக்குச் சரியில்லன்னு. எங்கண்ணன் பேர என் வாயால சொல்ல முடியுமா? சொன்னா நாக்கு அழுவிப் போயிடாது? அதான் கேன வச்சேன். கேன் சொல்லிச்சு. நான் சொல்லல."

"நீங்கதான் அஞ்சுன்னு சொன்னீங்க."

"கோடு அஞ்சுல நின்னா அஞ்சுன்னுதான சொல்லணும்" என்றார். பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு, "கோடு போட்டது நீதானடா" என்றார்.

அழுகை வந்தது, ஆனால் அவர் முன்னால் அழவில்லை. அண்ணன் அன்றைக்கு நன்றாக ஊதிவிடுவார் என்றுதான் நினைத்தேன் என்றும் சொன்னார். எங்கள் மாட்டுத் தொட்டியில் அப்பா ஊதியபோது பக்கத்திலேயே நின்றவர் அவர். எத்தனை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என் கேனைக் கேட்டார். கேனை எடுத்துக்கொண்டு போ என்றார். நான் எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் பார்த்தபோது அதில் டீசல் ஊற்றி வைத்திருந்தார்கள். நீலக் கோடுகள் பாதி அழிந்திருந்தன.

இத்தனை வருஷம் கழித்து யோசிக்கும்போது, சித்தப்பா என்னிடம் பொய் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் அதை நம்பினார். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. வாயால் சொன்னால்தான் பாவம், நாக்குச் சுத்தமாக இருந்தால் மற்றதெல்லாம் நம் கணக்கில் சேராது என்று இருப்பார்கள். கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யக்கூட அவர் தயாராக இருந்திருப்பார். அண்ணன் பேரை நான் சொல்லவே இல்லை என்று.

அப்பாவைப் பொங்கல் கழித்தும் யாரும் கூப்பிடவில்லை. அவர் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கப் போனார். கேட் மூடினால் பஸ்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு ஜன்னலாக ஓடிப்போய்க் கூவி விற்க வேண்டும். அவருக்குக் கூவ வராது. கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். ஜனங்கள் பார்த்து இரக்கப்பட்டுக் கூப்பிட்டால்தான் வியாபாரம்.

அப்பா தம்பியோடு பேச்சை விடவில்லை. அவனுக்கும் குடும்பம் இருக்கு என்று ஒருதடவை அம்மாவிடம் சொன்னார். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது, அண்டா கழுவும்போதே தெரிந்துவிட்டதா என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

சின்னவனே, உனக்குக் கேன் வாங்கித் தருகிறேன். நன்றாகச் செய். உன் அளவை ஊரெல்லாம் சொல்லிக்கொள். மற்றவர் மூச்சின் அளவு உன்னிடம் வந்தால் அது அவருடையது, நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது. பெரியவளே, அவன் மறந்தால் நீ ஞாபகப்படுத்து.

இன்னும் ஒன்று பாக்கி. இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத்துணி கிடையாது என்று ஆகிவிட்டது. காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. சித்தப்பா வந்தார், எனக்கு ஒரு சட்டையோடு. நான் தொட மாட்டேன் என்று மூலையில் நின்றேன். அப்பாதான் அதைப் பிரித்து, கழுத்தில் மஞ்சள் தடவி, என் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். போட்டேன். சரியான அளவு. அண்ணனும் தம்பியும் உள்ளே உட்கார்ந்து இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறினாள். அப்பா ஏதோ சொல்லிச் சிரிப்பதும் நடுவில் இருமுவதும் கேட்டது.

நான் வெளியே வந்தேன். பூவரச மரத்தடியில் சித்தப்பாவின் சைக்கிள் நின்றது. தெருவில் யாரும் இல்லை. எல்லோரும் நனைந்த வெடியைக் காயவைக்க அடுப்படியில் இருந்தார்கள். குந்தி உட்கார்ந்து முன்சக்கரத்து வால்வைக் கொஞ்சம்போலத் தளர்த்தினேன். காற்று வந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். குளிர்ச்சியாக, ரப்பர் வாசனையோடு, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு சைக்கிள் சக்கரத்துக்குள் இவ்வளவு காற்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அது முழுதும் போய் முடிந்ததும் பின்சக்கரத்துக்குப் போனேன்.